வகுப்பில் ஐந்து நிமிட மௌனம்

பரந்தனில் பஸ் மாறி, கண்டாவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தரக் கலைப்பிரிவுக்கு இலக்கியம் படிப்பிக்கிறேன். படிப்பிக்கிறேன் என்பதே பெரிய சொல். நான் குறிப்புச் சொல்வேன், பிள்ளைகள் எழுதுவார்கள், பரீட்சையில் அதையே திருப்பி எழுதிவிட்டு வருவார்கள். அவ்வளவுதான்.

அதில் ஒரு பிள்ளை, முல்லைத்தீவுக் கரையோரத்து மீன்பிடிக் குடும்பம், இங்கே சித்தி வீட்டில் தங்கிப் படிப்பவள். என் குறிப்பை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிப்பாள். "நீ என்ன நினைக்கிறாய், பிள்ளை?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அவள் வாயிலிருந்து சொந்தமாக ஒரு வசனம் வராதா என்று ஏங்கிப்போனேன்.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. அன்றைய பாடம், போனவன் வருவான் என்று காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. வாசித்து முடித்தவுடன் கத்தினேன்: "பேனையளைக் கீழ வையுங்கோ! ஐஞ்சு நிமிஷம் ஒருத்தரும் கதைக்கப்படாது. மௌனமா இருந்து யோசியுங்கோ!"

வகுப்பு எழுந்து, கைகளைத் தொங்கவிட்டு, தலைகுனிந்து நின்றது.

"ஆருக்கு ரீச்சர்?" என்று கடைசி வரிசை வாங்கிலிருந்து மெதுவாக ஒரு குரல்.

கடவுளே! எந்த விழா என்றாலும் போரில் இறந்தவர்களுக்காக எழுந்து நின்றுதான் தொடங்குகிறோம். பள்ளிக்கூடத்தில் இவர்களுக்குத் தெரிந்த மௌனம் அது ஒன்றுதான். வேறொன்றை நாங்கள் எப்போது காட்டினோம்?

அந்தப் பிள்ளை மட்டும் எழும்பவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாருங்கோ, இவளுக்கு மட்டுந்தான் நான் சொன்னது விளங்கியிருக்கு!"

"இல்லை ரீச்சர். நான் ஒருநாளும் எழும்புறேல்ல," என்றாள். "நான் கைக்குழந்தையா இருக்கேக்க சண்டைக்குள்ள அப்பா காணாமல் போனவர். எழும்பினா அவர் செத்திட்டார் எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. எழும்பக்கூடாதெண்டு அம்மா சொன்னவா."

இதைக் கேட்கவா இத்தனை நாள் கெஞ்சினேன், பாவி நான்! எல்லோரையும் உட்காரச் சொன்னேன். ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. பேனையைத் தேடி எடுத்தாள்.

"நோட்ஸ் சொல்லுங்கோ ரீச்சர். எழுதிக்கொண்டிருந்தா யோசனை வராது. கெதியாச் சொல்லுங்கோ."

கலைப்பாடம் பிள்ளைகளைச் சிந்திக்க வைக்க வேண்டும் என்று போகிற கூட்டமெல்லாம் முழங்குகிறவள் நான். புத்தகத்தைத் திறந்து, எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் சொல்லத் தொடங்கினேன். மணி அடிக்கும்வரை ஒரு கணமும் நிறுத்தவில்லை.