ஸ்டெல்லா அத்தையின் வீடியோக்களை அழிக்க மாட்டேன்

செய்தி வந்தபோது நான் ஸ்டெல்லா அத்தையின் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் எடுத்த வீடியோவை வெட்டி ஒட்டும் வேலை. சீரியலில் வரும் நாத்தனாரை அவர் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அவர் மகள் ஜெனி.

"அம்மா பூட்டாங்கடா."

"எங்க?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது! வேலைக்குப் போகும் வேனிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

இதைப் படிக்கிற பெரும்பாலோருக்கு அத்தையை என் இணையப் பக்கத்தின் மூலம்தான் தெரியும். நைட்டி, தோளில் துண்டு, கருங்குழி காலனி வீட்டின் நீலச் சுவர், டிவியைப் பார்த்து அவர் போடும் சத்தம். அந்த வீடியோக்களை எல்லாம் அழித்துவிடு என்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அழிக்க மாட்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். நான் டிவியே பார்க்காதவன், எனக்கு எல்லாமே போன்தான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம், "அடியே குடிக்காதடி! அவ மூஞ்சியப் பாருடி, பால்ல இன்னாவோ கலந்துகீறா!" என்று ஒருவர் உயிரைக் கொடுத்துக் கத்தினால் எவன் சும்மா இருப்பான்? ஒருநாள் அவர் வீட்டு வாசலில் நின்று போனில் எடுத்தேன். திரும்பினார். செருப்பு பறக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"இன்னாடா பண்ற?"

"சும்மா அத்த... வீடியோ..."

"இருட்டுல நின்னுகினு எடுத்தா என் மூஞ்சி எப்புட்றா தெரியும்? உள்ள வந்து லைட்டப் போட்டு எடு, பேமானி!"

அன்றைக்கு ரசிகனானேன். சாதாரண ரசிகன் இல்லை, வெறியன். அவருக்காகவே பக்கம் ஆரம்பித்தேன். எடிட்டிங், கீழே எழுத்து ஓடவிடுவது எல்லாம் நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன்.

பார்க்கிறவர்கள் கூடக் கூட, திட்டுகிறவர்களும் வந்தார்கள். 'வேலைவெட்டி இல்லாத பொம்பளைங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அத்தையிடம் படித்துக் காட்டலாமா வேண்டாமா என்று எனக்குள் பெரிய போராட்டம். காட்டினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எடுறா வீடியோவ" என்றார்.

"தம்பி, நீ யாரோ எவரோ. நாவலூர்ல கண்ணாடி கண்ணாடியா ஆபீசு கீதே, அங்கதான் நான் வேல செய்றேன். நீ காலைல வரச்சொல்ல கக்கூசு பளபளன்னு கீதுல்ல? அது தானா ஆவல நைனா. இந்த வேலவெட்டி இல்லாதவதான் கழுவுனா. வூட்டுக்கு வந்து ஒரு நாடகம் பாக்கறேன். உனுக்கு இன்னா பேஜாரு?"

உங்களில் பாதிப் பேர் அந்த வீடியோவுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தீர்கள்.

அவர் வீட்டில் டிவி முன்னால் யாரும் தரையில் உட்கார முடியாது. குழந்தை உட்கார்ந்தால்கூட, "ஏந்திரு, சேர்ல குந்து" என்று அதட்டுவார். இதென்ன வினோதம் என்று ஒருமுறை கேட்டேன். சாதாரணமாகச் சொன்னார். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது டிவி ஊருக்குள் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு ஊர்ப் பிள்ளைகள் உள்ளே பாயில் உட்காருவார்கள். காலனிப் பிள்ளைகள் வெளியே, ஜன்னலோரம் நிற்க வேண்டும். "சிரிப்பு சீன் வந்தா நாங்க சிரிப்போம். சத்தம் ஜாஸ்தியாச்சின்னா ஜன்னல சாத்திடுவாங்க. அதனால வாயப் பொத்திகினு சிரிக்கக் கத்துகினோம்." கல்யாணமாகி வேலைக்குப் போனதும் அவர் முதலில் வாங்கியது டிவி இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள். அவை வந்த பிறகுதான் டிவி வந்தது, அதைப் பார்க்கக் காலனிப் பெண்களும் வந்தார்கள்.

அப்புறம் அரசாங்கம் இலவச டிவி கொடுத்தது. காலனியில் எல்லா வீட்டிலும் டிவி. இனிமேல் யாரும் வர மாட்டார்கள் என்று மாமா நாற்காலிகளை மேலே தூக்கிப் போடப் போனாராம். அத்தை விடவில்லை. தெருவில் இறங்கி ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டார். "உன் வூட்ல டிவி கீது, சரி. ரிமோட்டு யார் கைல கீது?" அவ்வளவுதான் கேள்வி. புருஷன் கையில், மாமனார் கையில், மகன் கையில். சாயங்காலமானால் பெண்கள் திரும்பவும் இங்கே வந்தார்கள். மாமா போய்ச் சேர்ந்து, செட்டாப் பாக்ஸ் வந்து, ஆளுக்கொரு போன் வந்த பிறகும் அந்தக் கூட்டம் கலையவில்லை. போனிலேயே சீரியல் பார்க்கலாமே அத்தை என்று நான் சொன்னபோது, "தனியா பாத்தா யாராண்டடா கத்தறது?" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். துக்க வீடு என்பதால் டிவியைப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். அத்தையின் கணவருக்கு அண்ணன், ஜெனியின் பெரியப்பா, கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சபையில் மூப்பர். எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் கண்றாவிய எல்லாம் இப்பவே அழிச்சிடு. நைட்டியோட நின்னுகினு, கண்டவளத் திட்டிகினு... கர்த்தர்கிட்ட போனவள ஊரே பாத்து சிரிக்குது. குடும்ப மானம்னு ஒண்ணு கீதுல்ல?"

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜெனிதான் எழுந்தாள். வாசலில் பெரியப்பா கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைக் காட்டினாள். அதில் அத்தை வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் போட்டோ எங்கருந்து எட்துகினு வந்த பெரிப்பா?"

"பேனர் கடைக்காரன் கேட்டான். ரேஷன் கார்டுல கீறது தெளிவா இல்ல..."

"இவன் வீடியோலருந்துதான எடுத்த? நைட்டிய வெட்டிட்டு பட்டுப் பொடவ ஒட்டிகீற. எங்கம்மா பட்டுப் பொடவ கட்டிகினு உன் முன்னாடி இப்டி சிரிச்சி நீ பாத்துகீறியா?"

பெரியப்பா பேனரைத் திரும்பிப் பார்த்தார்.

"சிரிப்பு மட்டும் வேணும், அவங்க வேணாமா? அழிக்கணும்னா எங்கம்மா வந்து சொல்லட்டும்."

சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போட்டாள். "போனக் கனெக்ட் பண்றா" என்றாள். இணைத்தேன். துக்க வீட்டில் டிவி ஓடலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஓடியது. அத்தனை வருஷம் யார் யாரையோ பார்த்துத் திட்டிய டிவியில் அத்தையே வந்து நின்றார், நைட்டியும் துண்டுமாக. "உம் புருசன் ஒரு டம்மி பீசுடி! அவனுக்காவ ஏன்டி அழுவுற?" என்று கத்தினார். அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சட்டென்று, "நல்லாக் கேளு ஸ்டெல்லா, வுடாத!" என்றாள். அடுத்து இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும் கத்தினார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். பெரியப்பா எழுந்து வெளியே போனார். டிவியை நிறுத்தச் சொல்லவில்லை.

ஆனால் சொந்தத்திலும் சபையிலும் இன்னும் ஆள் மாற்றி ஆள் சொல்லி அனுப்புகிறார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படியுங்கள். பட்டுப் புடவைப் படத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் சத்தத்தை. வேலை செய்து களைத்து வந்த ஒருத்தி, தன் வீட்டில், தன் டிவி முன்னால், யாரிடமும் அனுமதி கேட்காமல் போட்ட சத்தம் அது. ஜெனி வேண்டாம் என்று சொல்லாதவரை ஒரு வீடியோகூடக் குறையாது. நான் பாதியில் விட்ட அந்தக் கடைசி வீடியோவும் இந்த வாரம் வரும். பார்க்கும்போது ஒலியைக் கூட்டி வையுங்கள். யாராவது குறைக்கச் சொன்னால், இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.