பாக்குவெட்டிச் சத்தம்

மாத்தளைக் கடைத்தெருவில் பதுர்தீன் முதலாளிக்கு மிளகு, கொக்கோ வியாபாரம். ஒரு பிடி மிளகைக் கையில் எடுத்தாலே ஈரத்தைச் சொல்லிவிடுவார். கொழும்புக் கம்பனி துரையிடம் பேசத்தான் வாய் வராது. சுதந்திரம் கிடைத்தும் துரை இங்கிலீஷை விடவில்லை. ஆகவே நாற்பது தாண்டிய வயதில், தபால் கந்தோர் கிளாக்கர் தர்மலிங்கத்தை வீட்டுக்கு வரவழைத்துப் படிக்கத் தொடங்கினார்.

கூடத்தில் வகுப்பு. திரைக்குப் பின்னால் மனைவி மஸீனா பாக்கு வெட்டிக்கொண்டிருப்பாள். கொன்வென்டில் கெட்டிக்காரி, பெரியபிள்ளையானதும் வாப்பா படிப்பை நிறுத்திவிட்டார்.

தர்மலிங்கம் ஒரு சொல்லைச் சொல்லி, பெயரா வினையா என்று கேட்பார். முதலாளி முழிப்பார். பாக்குவெட்டி ஒருதரம் 'டக்' என்றால் பெயர், இருதரம் என்றால் வினை. முதல் வாரமே மஸீனா சொல்லிவைத்த ஏற்பாடு.

"நம்ம மண்டைல எப்பிடி ஏறுது பாத்தீங்களா!" என்று கடையில் பீற்றிக்கொள்வார்.

"யாரு மண்டைல?" என்று வீட்டில் மஸீனா சிரிப்பாள். வகுப்பு நாளென்றால் அஸர் தொழுகைக்கு முன்பே அடுப்பு வேலையை முடித்துவிடுவாள்.

ஒருநாள் தர்மலிங்கம் புத்தகத்தை மூடினார். "முதலாளி, இனி நான் வரத் தேவையில்லை. பிழையில்லாமல் பிரிக்கிறியள். மிச்சம் பேசிப் பழகினால் சரி."

திரைக்குப் பின்னால் பாக்குவெட்டி ஓய்ந்தது.

பதுர்தீன் திரையைப் பார்த்தார். தன் வாயால் வாங்கிய மெச்சலே அவளுடைய வகுப்புக்கு வேட்டு வைத்துவிட்டது. இரண்டாம் முறையாக அவள் படிப்பு நிற்கிறது. இம்முறை நிறுத்துவது அவர்.

"இன்னும் ஒண்ணு கேளுங்க, மாஸ்டர்."

"பிரிங்."

உள்ளே சத்தமில்லை. "பெயர்," என்றார் பதுர்தீன்.

"என்ன முதலாளி! 'கொண்டு வா' எண்டல்லோ அர்த்தம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியா. இவ்வளவு நாளும் சொன்னது உள்ளுக்க இருக்கிற ஆள். பாக்குவெட்டி ஒருதரம் தட்டினா பெயர், ரெண்டுதரம் தட்டினா வினை. நான் கேட்டுச் சொன்னேன், அவ்வளவுதான்." புத்தகத்தை எடுத்துத் திரைக்கு அடியால் தள்ளினார். "இனி அங்க பாத்துக் கேளுங்க."

தர்மலிங்கம் தொண்டையைச் செருமினார். திரையைப் பார்த்து மெல்ல, "ரீட்," என்றார்.

உள்ளே புத்தகம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு பாக்குவெட்டி இருதரம் ஒலித்தது.

"சரி," என்றார் தர்மலிங்கம். "புதன்கிழமை வாறன்."

கடையில் பீற்றிக்கொண்டதெல்லாம் நினைவுக்கு வர, பதுர்தீன் தலை நிமிரவில்லை.