ஜிலானியின் படகுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்

என் கணவர் முன்ஜிக்கு வராத வேலை ஒன்றே ஒன்றுதான். விற்பது. எங்கள் கெர்க்கென்னாத் தீவில் யாருடைய படகு மோட்டார் மக்கர் செய்தாலும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழைய படகு வாங்கப் போகிறவர்கள் அவரையும் கூட அழைத்துப் போவார்கள். அவர் படகை ஒரு சுற்றுச் சுற்றி, விரல் முட்டியால் பலகையைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினால் போதும், விற்க வந்தவன் முகம் தொங்கிப்போகும். குறை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்த மனிதர். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலிலும் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் போய் ஜிலானி தன் படகை விற்றுத் தரச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஜிலானியின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

ஜிலானி என் கணவரின் சிறுவயதுத் தோழர். இரண்டு தெரு தள்ளி வீடு. அவருடைய ஒரே மகன் அனீஸ் எதிர்க்கரையிலிருந்து இத்தாலிக்குக் கள்ளத்தனமாகப் படகேறியவன். போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் ஏறிப்போன படகு எங்கள் தீவில் வாங்கிய படகு. விற்றவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அந்த ஆள் ஜிலானிக்கு சலாம் சொல்கிறான். ஜிலானியும் பதில் சலாம் சொல்கிறார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நானாக இருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

மகன் போன பிறகு ஜிலானி கடற்கரைப் பக்கமே வருவதில்லை. அவருடைய சின்ன மோட்டார் படகு வீட்டுக்குப் பின்னால் பேரீச்ச மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"அதை வித்துக் குடுத்துடுடா முன்ஜி. காலையில ஜன்னலைத் திறந்தா அது முதுகைக் காட்டிக்கிட்டுக் கிடக்குது. பாக்க முடியல."

"செஞ்சு குடுக்கிறேன். மோட்டார் எப்படி இருக்கு?"

"அதெல்லாம் நீ பாத்துக்கோ. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். மீன் பிடிக்கிறவன் கைக்குத்தான் போகணும். வேற யார் கைக்கும் போகக் கூடாது."

"போகாது."

"ஆணையிட்டுச் சொல்லு."

"போகாதுடா. அல்லாஹ் மேல ஆணையா."

அந்த வசந்த காலம் முழுக்க எங்கள் முற்றத்தில் அந்தப் படகுதான். துணி காயப்போட இடமில்லை. வெயிலில் கிடந்து பலகைகள் சுருங்கி, இடுக்கு வழியே வெளிச்சம் தெரிந்தது. அவர் ஒவ்வோர் இடுக்கையும் சுரண்டி, பஞ்சுத் திரியை உளியால் அடித்து ஏற்றி, மேலே புட்டி பூசினார். மோட்டாரைக் கழற்றி என் பழைய போர்வையின் மேல் பரப்பினார். பழைய பெட்ரோல் உள்ளே பிசினாக இறுகிக் கிடந்தது. தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம் கையில் எடுத்ததும் பொடிந்து உதிர்ந்தது. அதற்கு மாற்று வாங்க எதிர்க்கரைக்குக் கப்பலேறிப் போய், சரியானது கிடைக்காமல், வேறொன்றை வாங்கிவந்து கத்தியால் சீவிப் பொருத்தினார். மோட்டாரைத் தண்ணீர் பீப்பாயில் இறக்கிக் கயிற்றை இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அது இருமிக்கொண்டே உயிர் பெற்றபோது தெருவே புகையில் மூழ்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நம் குழந்தைகள் பிறந்தபோதுகூட இப்படிச் சிரிக்கவில்லையே என்றேன். "அதுங்க முதல் இழுப்புலயே அழுதுச்சே" என்றார்.

எங்கள் கடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆழமே கிடையாது. தண்ணீர் இறங்கும் நேரத்தில் வெகுதூரத்துக்கு முழங்காலளவுதான் நிற்கும். ஓலைத் தடுப்பு கட்டி மீனைத் திருப்புகிறவனும், மண்ஜாடி போட்டுப் பேய்க்கணவாய் பிடிக்கிறவனும் அந்தத் தண்ணீரில்தான் பிழைக்க வேண்டும். அதனால் இங்கே படகு வாங்க வருகிறவன் முதலில் விலையைக் கேட்க மாட்டான். "இதுக்கு எவ்வளவு தண்ணி வேணும்?" என்றுதான் கேட்பான்.

படகைத் துறைமுகத்தில் இறக்கிக் கட்டியதும் பார்க்க வந்த கணவாய் பிடிக்கும் ஹமாதியும் அதையேதான் கேட்டான்.

"முழங்காலுக்குக் கீழ இருந்தாப் போதும்" என்றார் இவர். அதோடு நிறுத்தினாரா? "ஆனா பின்பக்கம் இந்தப் பலகை பழசு, ரொம்ப நாள் தாங்காது. மோட்டார் குளிர்காலத்துல சட்டுனு எழும்பாது. சுக்கான் கொஞ்சம் இடப்பக்கமா இழுக்கும்."

"அண்ணே, நீங்க விக்க வந்தீங்களா, என்னைத் துரத்த வந்தீங்களா?"

"உள்ளதைச் சொன்னேன்."

"உள்ளதுக்கு உள்ள விலையை நானும் சொல்றேன்" என்று ஹமாதி சொன்ன விலையைக் கேட்டு இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்படியே வந்தவர்களெல்லாம் போனார்கள். "படகைக் காட்டுற வேலையை என்கிட்ட விடுங்க, நீங்க வாயை மட்டும் மூடிக்கிட்டு இருங்க" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

பிறகு ஒரு நாள் மதியம் துறைமுகத்திலிருந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். கூஸ்கூஸைத் தட்டில் கொட்டி, மேலே கணவாய்க் குழம்பை ஊற்றி வைத்தேன்.

"வித்தாச்சு ஜொஹ்ரா."

"யாருக்கு?"

"எதிர்க்கரைப் பையன். மெஹ்ரெஸ்னு பேரு. மரியாதையான பிள்ளை. படகைப் புகழ்ந்து தள்ளிட்டான், சொன்ன விலைக்கு மறுபேச்சுப் பேசல. முன்பணம் குடுத்தான், அங்கேயே ஃபாத்திஹாவும் ஓதிட்டோம். நாளைக்கு வந்து எடுத்துக்குவான்."

இங்கே கை விரித்துக் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதிவிட்டால் பேச்சு முடிந்தது. கல்யாணமானாலும் கழுதை வியாபாரமானாலும் அதற்கு மேல் பத்திரம் கிடையாது. அதிலிருந்து பின்வாங்கியவனிடம் அப்புறம் யாரும் வெங்காயம்கூட வாங்க மாட்டார்கள்.

"என்னென்ன கேட்டான்?" என்றேன்.

"மோட்டார் நிறுத்தாம எவ்வளவு நேரம் ஓடும்னு கேட்டான். இன்னொரு பெட்ரோல் டாங்க் வைக்க இடம் இருக்கான்னு கேட்டான். விவரமான பையன்."

"எவ்வளவு தண்ணி வேணும்னு கேட்டானா?"

அவருடைய கரண்டி பாதி வழியில் நின்றது. அதைத் திரும்பத் தட்டில் வைத்தார். கடலைக் கடந்து ஓடப் போகிறவனுக்குத்தான் அந்தக் கேள்வி தேவைப்படாது. குறை கண்டுபிடிப்பதில் பேர்போன மனிதர், படகைப் புகழ்ந்த ஒருத்தனிடம் மட்டும் ஒரு குறையும் காணாமல் ஏமாந்துவிட்டார்.

"அங்க ஆணை குடுத்திருக்கேன். இங்க ஃபாத்திஹா ஓதியிருக்கேன்" என்றார். "ரெண்டுல எதை உடைக்கச் சொல்ற?"

"ஜிலானி அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"இருக்கிற மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான். வேற ஒண்ணு தைச்சா தர முடியும்?"

போகவில்லை. மறுநாள் அந்தப் பையன் வந்ததும், "ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுவோம் தம்பி, அப்புறம் எடுத்துட்டுப் போ" என்று சொல்லி அவனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நான் கரைச் சுவரோரம் நின்று பார்த்தேன். தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்த நேரம். பிறந்ததிலிருந்து இந்தக் கடலில் கிடக்கிற மனிதருக்கு அது தெரியாதா? இன்றைக்கும் கேட்டால் கவனிக்கவில்லை என்றுதான் சாதிக்கிறார். கடலுக்குள் இருக்கிற மணல்மேட்டுப் பக்கம் படகு திரும்பியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. இனி இவர் வாய் திறக்கப் போவதில்லை, படகைத் தரைதட்ட வைத்துக் காலத்தைக் கடத்தப் பார்க்கிறார். நானே ஜிலானி வீட்டுக்கு ஓடினேன்.

ஜிலானி வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். செருப்புக்கூடப் போடாமல் நடந்தார். இடுப்பு வலிக்காரர், அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

தண்ணீர் விளிம்பில் வந்ததும் நின்றுவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. "அண்ணே, வேணாம், நான் போய் அவங்களைக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

"இல்ல தங்கச்சி. வர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். நானும் உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடையில் வாங்கி அதுவரை கையிலேயே வைத்திருந்த ரொட்டிப் பொட்டலத்தோடு பின்னாலேயே போனேன்.

படகு ஒருபக்கமாகச் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்திருந்தது. உள்ளே இருவரும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் தன் வெள்ளை ஷூவைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். ஜிலானி வந்து படகின் விளிம்பில் கை வைத்தார். புதுப் புட்டியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குற தம்பி?"

"ஏ.சி. ரிப்பேர், மாமா."

"கடல் தெரியுமா?"

"நீச்சல் தெரியும்."

"எத்தனை பேரு?"

பையன் என் கணவரைப் பார்த்தான். இவர் குனிந்துகொண்டார்.

"ஒன்பது பேரு" என்றான் பையன் மெதுவாக. "நாங்க ஆள் கடத்துற ஏஜென்ட் கிடையாது மாமா. யாரையும் ஏமாத்தல. ஒரே தெருப் பசங்க. ஆளுக்குக் கொஞ்சமாப் போட்டு வாங்குறோம்."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

பையன் மடியிலிருந்த ஷூவின் நாடாவை முடிச்சுப் போட ஆரம்பித்தான்.

"என் பையனும் சொல்லல" என்றார் ஜிலானி. "அன்னிக்கு ராத்திரி அவனுக்கும் சேத்துத்தான் அவங்க அம்மா ரொட்டி எடுத்து வச்சா. அடுத்த நாளும் வச்சா. இப்பவும் சில நாள் மறந்துபோய் வைக்கிறா. நான் எதுவும் சொல்றதில்ல. எடுத்து நானே தின்னுடுவேன்."

அவர் மனைவி வசீலா என் தோழி. தினம் பார்க்கிறவள். இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

பையன், "ஆனா ஃபாத்திஹா ஓதிட்டோமே மாமா" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் திமிர் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"அவன் ஓதினான். நீ ஓதினே. படகு என்னுது. நான் ஆமீன் சொல்லல."

"இது இல்லைன்னா வேற படகு கிடைக்கும்."

"கிடைக்கும். அதை என்னால தடுக்க முடியாது. ஆனா என்கிட்டேருந்து கிடைக்காது."

பிறகுதான் அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். "என்கிட்ட ஏண்டா வரல?"

"வெக்கமா இருந்துச்சு."

"அதுக்காகத் தரையில கொண்டு வந்து தட்டினியா?"

"தட்டல. தண்ணிதான் இறங்கிடுச்சு."

அந்தப் பையனே சிரித்துவிட்டான். தண்ணீர் ஏறும்வரை வேறு வழியில்லாமல் நால்வரும் அங்கேயே கிடந்தோம். என் ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். பையன் தன் தெருவைப் பற்றி, தன் தங்கையின் படிப்பைப் பற்றி, வேலை கிடைக்காத குளிர்காலங்களைப் பற்றிச் சொன்னான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவனுக்குச் சொல்ல எங்களிடமும் நல்ல பதில் எதுவும் இல்லை. தண்ணீர் வந்ததும் ஜிலானிதான் சுக்கானைப் பிடித்தார். "இடப்பக்கமா இழுக்குதே" என்றார். "சொன்னேனே" என்றார் இவர், யாரிடம் சொன்னோம் என்ற நினைவில்லாமல்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். கப்பலேறும் முன் பையன் ஜிலானியின் தலையில் முத்தமிட்டுவிட்டுப் போனான்.

ஏன் பேச்சு முறிந்தது என்று என் கணவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பையன்மேல் போலீஸ் பாயும். அதனால் பழியை அவரே சுமந்தார். காபிக் கடையில் இன்றும் நக்கலடிக்கிறார்கள்: "முன்ஜி அண்ணே, உங்களோட ஃபாத்திஹா ஓதினா எத்தனை நாளைக்குத் தாங்கும்?" வாழ்நாள் முழுக்க நாணயத்துக்குப் பேர் வாங்கிய மனிதர், காபியை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருக்கிறார். எனக்குத்தான் கப்பைப் பிடுங்கி அவர்கள் தலையில் ஊற்றலாம் போல் இருக்கிறது.

படகை ஹமாதிதான் வாங்கினான். ஒரு காலை முழுக்கப் பேரம் பேசி, கேட்ட விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றான். கை விரித்து ஓதியபோது ஜிலானி சொன்ன ஆமீன் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். இப்போது அவர் காலை வேளைகளில் கரைச் சுவரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஹமாதி படகைக் கிளப்பும்போது, "அங்க மேடு இருக்குடா குருடா, திருப்பு" என்று கத்துகிறார். "வித்தப்புறமும் விட மாட்டேங்கிறாரே" என்று ஹமாதி புலம்புகிறான். புலம்பிக்கொண்டே திருப்புகிறான்.

மெஹ்ரெஸ் என்ன ஆனான் என்று தெரியாது. வேறு எங்காவது படகு வாங்கினானா, அம்மாவிடம் சொன்னானா, இன்னும் ஏ.சி. ரிப்பேர்தான் பார்க்கிறானா, எதுவும் தெரியாது. காற்று பலமாக அடித்துக் கடல் கத்தும் நாட்களில் என் கணவர் சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்வதில்லை. குனிந்தபடி தின்றுகொண்டே இருக்கிறார்.

"உப்பு கம்மியா?" என்று நானாகவே கேட்கிறேன்.

"இல்ல ஜொஹ்ரா. சரியா இருக்கு" என்கிறார்.