அடி விழாத ஹீரோ

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தின் நடுவில், அண்ணன் தன் கையிலிருந்த கார்டுகளை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"நீயே விளையாடு. நீதான விளையாடுத."

அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து உள்ளறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். நானும் மைனியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மைனி என்றால் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் அழைப்போம்.

இது ஏதோ சீட்டாட்டச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து மாதத்துக்கு முன்பு அண்ணனுக்கு பக்கவாதம் வந்தது. கல்ஃபில் இருபது வருஷம் டிரெய்லர் ஓட்டிய மனிதர். வலது கை மடங்கிப் போயிற்று, பேச்சு குழறியது. பேச்சு மெல்லத் திரும்பியது… ஆனால் பேசுகிற ஆள் திரும்பவில்லை. கைப்பயிற்சிக்கு வருபவரைப் பார்க்க மறுத்தார். அருமனையில் உள்ள வீட்டில், சுவர் பக்கம் திரும்பிப் படுத்தால் படுத்ததுதான்.

அந்தச் சமயத்தில் பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் ஒரு பெட்டி அனுப்பினாள். சூப்பர் ஹீரோ கார்டு கேம். கார்டைப் பிடிப்பதும் திருப்புவதும் விரலுக்கு நல்லது என்று டாக்டரும் சொன்னார். ஆச்சரியமாக, அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். நானும் சனிக்கிழமைதோறும் நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினேன்.

இந்த விளையாட்டில் நானும் அண்ணனும் எதிரெதிர் அல்ல, ஒரே கட்சி. ஆளுக்கொரு ஹீரோ, ஆளுக்கொரு டெக், அதாவது கார்டுக் கட்டு. வில்லனுக்கும் தனி டெக் உண்டு. அவன் முறை வந்தால் கார்டைத் திருப்பி, அதில் உள்ளபடி நம்மை அடிக்க வேண்டும். கூடவே அவனுடைய சதித் திட்டத்தின் மேல் புள்ளிகள் ஏறிக்கொண்டே போகும். அது நிரம்பினால் இரண்டு பேரும் காலி.

ஹீரோக்களைத் தேர்ந்தெடுத்த அன்று அண்ணன் ஒரு முரட்டு ஆளை எடுத்தார். நான்? என் டெக்கை நானே கட்டினேன். கன்ட்ரோல் டெக்.

அதாவது, வில்லனை அடிப்பதைவிட அவனை அசையவிடாமல் செய்வதே வேலை. அவன் அடிக்க வந்தால் தடை. புதுக் கார்டு இறக்கினால் ரத்து. சதியில் புள்ளி ஏறினால் துடைத்து எடு. ஒவ்வொரு புதன்கிழமையும் சாப்பாட்டு மேஜையில் கார்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்காருவேன். ஒரு அடிக் கார்டை எடுப்பேன், ஒரு தடைக் கார்டை வைப்பேன். அடுத்த வாரம் இன்னொன்று. என் கணவர் எட்டிப் பார்த்து, பாவம் வில்லன் என்றார்.

பெருமையாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆறு வாரம் தொடர்ந்து ஜெயித்தோம். அண்ணனின் ஹீரோ மேல் ஒரு கீறல் விழவில்லை. நான் விடவில்லை. வில்லன் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்க, கடைசியில் நானே சின்னச் சின்னக் குத்தாகக் குத்தி முடித்துவிடுவேன்.

அப்படியிருக்கும்போதுதான் அண்ணன் கார்டைக் கவிழ்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது. இவருக்காகத்தானே இத்தனை பாடு என்று மைனியிடம் பொரிந்து தள்ளினேன். அண்ணன் கவிழ்த்து வைத்த கார்டுகளை மைனி ஒவ்வொன்றாகத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"கேட்டியா ஷீலா, இதெல்லாம் ஆறு வாரமா அவியளுக்க கையிலயே இருக்கு. ஒண்ணையாவது போட விட்டியா?"

எல்லாம் பெரிய அடிகள். எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை. அண்ணனின் ஹீரோவுக்கு அடி விழுந்தால்தான் பலம் ஏறும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு டோக்கன். டோக்கன் சேர்ந்தால்தான் அந்தக் கார்டுகளை இறக்க முடியும். முதல் நாளே வாசித்திருக்கிறேன். வாசித்துவிட்டு, அடியே விழாதபடி டெக் கட்டியிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது மற்றதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. 'இப்ப எப்படி இருக்கு?' என்று டாக்டர் அண்ணனைக் கேட்டால் பதில் சொல்வது யார்? நான். சட்டைப் பட்டனோடு அவர் மல்லுக்கட்டினால் குறுக்கே கையை நீட்டுவது யார்? வார்த்தைக்காக அவர் வாய் தடுமாறினால், அந்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பது? நோயாளியைக் கவனிக்கிறோம் என்ற பெயரில் நாம் எத்தனை பேர் அவர்கள் முறையையும் சேர்த்தே ஆடிக்கொண்டிருக்கிறோம்…

அந்த வாரம் அண்ணன் போனை எடுக்கவில்லை. கைப்பயிற்சிக்காரரையும் திருப்பி அனுப்பிவிட்டாராம். இனி விளையாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக மைனி சொன்னார். விளையாட்டும் போனால் வேறு என்ன இருக்கிறது? அந்தக் கை அப்படியே நின்றுபோகுமே.

புதன்கிழமை டெக்கைப் பிரித்தேன். தடைக் கார்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். சதியைத் துடைக்கும் கார்டுகளும் காயம் ஆற்றும் கார்டுகளும் இருக்கட்டும், அடி வருவது வரட்டும். ஒரே ஒரு தடையை மட்டும் விட மனசு வரவில்லை. அது உள்ளேயே இருந்தது.

போன சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே போனேன். உள்ளறை வாசலில் நின்று, அண்ணே, உன் ஆளுக்கு இன்றைக்கு அடி விழும் என்றேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கார்டுகளை மேஜையில் அடுக்க ஆரம்பித்தேன். மைனி வைத்த பாலில்லாத கட்டன் சாயா ஆறிப்போன பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

முதல் அடி அண்ணனுக்கு விழுந்தது. ஒரு டோக்கன். இரண்டாவது… மூன்றாவது… என் கை பரபரத்தது. நான் சதியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். நான்காவது அடியில் அவர் ஹீரோவுக்கு உயிர் மூன்று புள்ளிதான் மிச்சம். இன்னும் ஒரு டோக்கன் வந்தால், ஆறு வாரமாக வைத்திருந்த பெரிய கார்டை இறக்கலாம். இறக்கினால் வில்லன் முடிந்தான்.

வில்லன் முறை. அவன் அடி இரண்டு புள்ளி. அதோடு ஒரு ரகசியக் கார்டைத் திருப்பி, அதிலுள்ள புள்ளியையும் அடியோடு கூட்ட வேண்டும். அதில் ஒன்றுமில்லை என்றால் அண்ணன் தப்பிப்பார். இருந்தால் விழுவார்.

என் கையில் அந்தத் தடைக் கார்டு. போட்டால் அடியே இல்லை, ஆபத்தும் இல்லை. பாதி தூக்கியும்விட்டேன்.

"ஏட்டி, அத கீழ வையி. எனக்க அடி. நான் வாங்கிக்கிடுதேன்."

வைத்தேன். ரகசியக் கார்டைத் திருப்புவது எப்போதும் நான்தான். அன்று அண்ணன் வலது கையை நீட்டினார். விரல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. மைனி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவை நகம் பிடித்தது. திரும்பியது.

இரண்டு புள்ளி. அண்ணனின் ஹீரோ விழுந்துவிட்டார்.

பிறகு நான் தனியாக என்ன செய்ய? என் டெக்கில்தான் பெரிய அடியே இல்லையே. நான் துடைப்பதைவிட வேகமாக ஏறி, இரண்டே சுற்றில் சதி நிரம்பியது. தோற்றோம். மைனி என்னைப் பார்க்கவில்லை. நான் அண்ணனைப் பார்க்கவில்லை. இதோ எழுந்திருப்பார், சுவரைப் பிடிப்பார், போய்ப் படுப்பார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

"ஏட்டி," என்றார் அண்ணன். "எனக்க ஆளு… விழுந்தா, உனக்க கையில… என்னத்த இருக்கு? ஒண்ணும் இல்ல. அந்தத் துடைக்குத கார்டுல… நாலை எடு. நாலு அடி வையி. நான் இல்லேண்ணா… நீ நிக்கணும் கேட்டியா."

ஐந்து மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு. நடுவில் எத்தனையோ இடத்தில் நின்றார். ஒரு வார்த்தையும் நான் எடுத்துக் கொடுக்கவில்லை. கண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை.

இன்னொரு ஆட்டம் என்று சொல்லிக் கார்டுகளை வாரி எடுத்தார், வலது கையால். பாதி கையில் நின்றது. பாதி சரிந்து தரையெல்லாம் சிதறியது. நான் சட்டென்று குனியப் போனேன். மைனி என் தோளில் கையை வைத்தார்.

அண்ணன் நாற்காலியைப் பிடித்துக் குனிந்தார். ஒவ்வொரு கார்டாக எடுத்தார். ஒன்று நழுவினால் மறுபடி. வெளியே மழை பிடித்து, விட்டும்விட்டது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

வில்லனை அடக்குவதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? நான் என் இரண்டு கைகளையும் அடக்கினேனே… அதைச் சொல்லுங்கள்.