மாடிக்குக் குடிவந்தவள்

அலுத்துப்போய்விட்டது. காலையில் போனைத் திறந்தால் நாட்டைக் காப்பாற்றச் சொல்லி அண்ணன் அனுப்பிய வீடியோக்கள் குவிந்து கிடக்கும். ரிட்டயர்டு மிலிட்டரிக்காரன். ஒருகாலத்தில், ரயிலில் எவனோ "இந்தி தெரியாத நீயெல்லாம் இந்தியனா" என்று கேட்டுவிட்டான் என்பதற்காக, லீவில் வந்தும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவன். இப்போது அதே கேள்வியை இவன் மற்றவர்களிடம் கேட்கிறான்.

தென்காசியில் எங்கள் வீட்டு மாடி காலியானபோது, என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி கேட்டாள். வடகரைக்காரி, முஸ்லிம். புருஷனுக்குக் குற்றாலத்தில் பழக்கடை. அவளுக்கோ தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வர முடியவில்லை. ஆடி பிறக்குமுன் பால் காய்ச்சிவிடு என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் வந்து நின்றான்.

"ஏட்டி, ஆள் பாத்து வீடு குடுக்க மாட்டியா? அவங்க இருக்கது இங்கன, மனசு எங்கனயோ. நாட்டுக்காகச் சொல்லுதேன்."

"ஏண்ணே, வடகரை எந்த நாட்டுல இருக்கு? டவுன் பஸ்ஸுலதான போயிட்டு வாரோம்?"

"ஒனக்கு வெவரம் பத்தாது."

நான் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள். கோபம்கூட வரவில்லை, அசதிதான் வந்தது. இதையே எத்தனை பேரிடம் எத்தனை தடவை பேசுவது? "வாக்குக் குடுத்தாச்சு. நீ காப்பியக் குடி" என்றேன். குடிக்காமல் போனான். அவளிடம் இதைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

குடிவந்த அன்று காலையிலேயே சாரல். பால் பாத்திரத்தோடு மாடியேறினேன். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. சாமான்களெல்லாம் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. அவள் பால்கனியில் ஸ்டூல் போட்டு ஏறி, தெருவைப் பார்த்த கம்பியில் தேசியக்கொடி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி இது? ஆகஸ்டு பதினஞ்சுக்கு இன்னும் நாள் கெடக்கே!"

"எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல இதத்தான் கட்டுவோம்க்கா. யாரும் கேக்கதுக்கு முன்னால நாமளே சொல்லிட்டா நிம்மதில்லா."

அவள் அழவில்லை, குறைப்படவுமில்லை. கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்பதைப்போலச் சொன்னாள்.

"கொடி நேரா இருக்கான்னு தெருவுல நின்னு பாத்துச் சொல்லுதீங்களாக்கா?"

இறங்கிப்போய் நனைந்துகொண்டே நின்று பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அதற்குக் கீழே என் வீட்டு வராந்தாக் கம்பி வெறுமனே கிடந்தது. இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கொடி எங்கே என்று கேட்டதில்லை.