அப்பா என்னிடம் கேட்ட நிறங்கள்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம். அப்பா நல்லவர், அமைதியானவர், யாரையும் நோகப் பேசாதவர் என்றெல்லாம் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அவர் பயந்தவர் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாது. எனக்கே கடைசி வாரத்தில்தான் தெரிந்தது.

அப்பா பிறந்தது பத்தமடையில். வயல் எல்லாம் தாத்தா காலத்திலேயே கைவிட்டுப் போய்விட, படிப்பு ஒன்றுதான் மிச்சம். பாளையங்கோட்டையில் கல்லூரி முடித்த கையோடு, விமானப்படையில் விமானி ஆக விண்ணப்பித்தார். எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் தேறி, மருத்துவப் பரிசோதனை வரை போய்த் திரும்பி வந்தார். "நெஞ்சளவு ஒரு இஞ்சு பத்தலன்னுட்டான்" என்று ஊரில் சொன்னார்.

அந்த ஒரு இஞ்சை வைத்து அவரைக் கேலி செய்யாதவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் குறைவு. கல்யாணப் பந்தியில் அவர் இலையில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டு, "தின்னும் வே, நெஞ்சு வளரட்டும்" என்பீர்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

பிறகு பாளையங்கோட்டையில் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அவசரக் கோப்புக்குச் சிவப்புச் சீட்டு, மற்றதற்குப் பச்சைச் சீட்டு ஒட்டுவது அங்கே வழக்கம். அப்பா மட்டும் அவசரக் கோப்பின் மேல்மூலையை மடித்து வைப்பார். பக்கத்து மேசைக்காரர்கள் அதை அவருடைய தனிப் பழக்கம் என்று நினைத்தார்கள். ஓய்வு பெறும் வரை ஸ்கூட்டர் வாங்காமல் டவுன் பஸ்ஸிலேயே போய் வந்தார். கஞ்சன் என்று பெயர் வாங்கினார். அதற்கும் பதில் சொன்னதில்லை.

எனக்கு மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் முகம் வெளிறி நின்றார். "பேரன் பொறந்துருக்கான், மூஞ்சியப் பாரு" என்று அம்மா சடைத்துக்கொண்டாள். எனக்கும் அன்று கோபம்தான் வந்தது.

நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். என் மகனுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. "ஏல, அந்த வாளி என்ன கலரு?" என்று அவனிடம் கேட்பார். அவன் ஏதோ சொல்வான். அப்பா பைய எழுந்து அடுக்களைக்கு வந்து, "தாயி, அந்த வாளி பச்சதான?" என்பார். அடுப்பில் நிற்கிற எனக்கு வாளியைத் திரும்பிப் பார்க்க ஏது நேரம்? "ஆமாப்பா" என்று தலையாட்டுவேன். பாய்க்கோடு, துண்டு, எதிர்வீட்டுக் கதவு என்று வருடக்கணக்கில் இதே கதை.

பையன் ஒன்பதாம் வகுப்பில், விமானி ஆகப்போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்ததும் கேள்விகள் இரண்டு மடங்காயின. அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நான் பயந்தேன். ஏதோ சாக்குச் சொல்லி ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஞாபகசக்தி என்னைவிட அவருக்கு நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். நான் நம்பவில்லை. மறதிக்காரரோடு மல்லுக்கட்டக்கூடாது என்று, அவர் எதைக் கேட்டாலும் தலையாட்டுவதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகன் அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, விமானப்படைக்கும் ஆள் எடுக்கிற ராணுவ அகாடமித் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தான். அன்று மதியம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, நெஞ்சளவுன்னு சொன்னது பொய். எனக்குக் கண்ணு. செவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாது."

புள்ளி புள்ளியாக நிறம் தெளித்த வட்டங்கள் உள்ள ஒரு புத்தகத்தைக் காட்டுவார்களாம். நல்ல கண்ணுக்கு அந்தப் புள்ளிகளுக்குள் ஓர் எண் தெரியும். முந்தின தடவை போய்வந்த நண்பர் ஒருவர் எண்களை வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா மனப்பாடம் செய்துகொண்டு போனார்.

"டாக்டர் நடுப்பக்கத்தத் தொறந்துட்டார். நான் மொதப் பக்கத்து நம்பரச் சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லாம அடுத்தத் திருப்புனார். நான் ரெண்டாவது நம்பரச் சொன்னேன். கடைசி வரைக்கும் ஒப்பிச்சேன் தாயி, கிளிப்பிள்ள மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் அது நின்றுபோனது.

"பொறப்புலயே வாரதுன்னார். ஒனக்குப் பொம்பளப்பிள்ள பொறந்தா, அவ பெத்த பையனுக்கும் வரலாம்னார். தூரப்பார்வ கொறஞ்சாக்கூட சில இடத்துல கண்ணாடி போட்டுச் சமாளிச்சிரலாம். இதுக்குக் கண்ணாடி கெடையாது. வெளக்கு செவப்பா பச்சையான்னு ஒரு நிமிசம் தடுமாறுனா, அம்புட்டுப் பேரு உசுரும் போயிரும்லா?"

"அவன டாக்டர்ட்ட காட்டியிருக்கலாமேப்பா?"

"பயம் தாயி. காட்டுனா தெரிஞ்சிருமே. அதான் நானே பாத்துக்கிட்டேன். எங்கண்ண வச்சு அவன் சொல்லுதது சரியான்னு பாக்க முடியாது. ஒங்கண்ண நம்புனேன். இத்தன வருசத்துல நீ ஒருதரம்கூட இல்லைன்னு சொல்லல. அவன் தப்பிச்சுட்டான்."

நான் எந்த வாளியைப் பார்த்தேன்? எந்தக் கதவைப் பார்த்தேன்? ஒன்றையும் பார்க்காமல் ஆட்டிய தலையை நம்பி அவர் நிம்மதியாகப் படுத்திருந்தார். அதை மட்டும் அவரிடம் சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் காலை மகன் வந்தான். அப்பாவின் காலடியில் ஆஸ்பத்திரிப் போர்வை மடித்துக் கிடந்தது. பழக்கம் விடவில்லை.

"ஏல, அந்தப் போர்வ என்ன கலரு?"

"காப்பிக் கலரு தாத்தா."

அப்பா என் பக்கம் திரும்பினார். "காப்பிக் கலருதான தாயி?"

என் வாழ்க்கையில் முதல்முறையாக, அவர் கேட்ட பொருளைத் திரும்பிப் பார்த்தேன். பச்சை. சந்தேகமே இல்லாத கரும்பச்சை. "ஆமாப்பா" என்று தலையாட்டினேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

போர்வையைப் பார்த்தபோது என் முகம் மாறியதை மகன் கவனித்துவிட்டான். அன்றே வராந்தாவில் வைத்து, "அது காப்பிக் கலர் இல்லதானம்மா?" என்று கேட்டான். பதினாறாம் நாள் முடிந்ததும் கண் டாக்டரிடம் போனோம். அவர் புத்தகத்தைத் திருப்பத் திருப்ப, அவன் எதுவும் ஒப்பிக்காமல், "தெரியல டாக்டர், தெரியல டாக்டர்" என்றே சொன்னான். படையானாலும் பயணிகள் விமானமானாலும் அதோடு முடிந்தது. ஒரு மாதம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டால் என் உயிர் என்னிடம் இருக்காது. இப்போது பொறியியல் படிக்கிறான். ஆனாலும் அவன் பைக் சாவியை எடுக்கும்போதெல்லாம் எனக்குப் பக்கென்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கல்யாணமான மூணாம் மாசமே எனக்குத் தெரியும். அவுக சொல்லல, நான் கேக்கல" என்றாள்.

அப்பாவின் கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டு அண்ணாச்சி குடும்பத்துக்கும், மடித்த மூலைக் கோப்புகளை இன்னும் நினைவில் வைத்து வந்திருக்கும் அலுவலக நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. அப்பாவிடம் நான் கேட்க வேண்டியது மன்னிப்பு. கடைசியாகச் சொன்ன ஒரு பொய்க்கு அல்ல, அதற்கு முன்னால் பார்க்காமல் ஆட்டிய தலைக்கு.

என் மகனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவனிடம் காட்டினேன். ஊரில் நாலு பேர் படிப்பார்களே, அவனைப் பற்றிய பகுதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். முழுவதையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அப்பிடியே போடும்மா. நெஞ்சளவுன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லிராத."