குழாய் வாயில் கட்டிய துணி

சிறுவாணித் தண்ணீரைக் குறை சொல்லிவிட்டுக் கோயமுத்தூரில் யாரும் நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியாது. தொண்ணூறுகளில் நான் அதைச் செய்தேன், அதுவும் சொந்த அக்காவிடம்.

அக்கா காந்திபுரத்தில் சின்னதாக மெஸ் நடத்திக்கொண்டிருந்தாள். மாமா போன பிறகு அவள் வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான். பக்கத்து லாட்ஜ்காரர்களுக்கு மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு. அந்த வாரம் அவர்களில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு. "இன்னொருத்தர் படுத்தாலும் நாங்க வேற எடம் பாத்துக்கறமுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒரு லேபில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். மெஸ் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துப்போய்ப் பார்த்தேன். குடல் கிருமி இருந்தது.

"சிறுவாணித் தண்ணியவா கொறை சொல்றே? உங்க லேப்பத் தூக்கி நொய்யல் ஆத்துல போடு!" அக்கா கரண்டியை ஓங்கியே விட்டாள்.

எனக்கும் ரோசம் வந்தது. இந்த முறை விதிப்படி செய்தேன். குழாய் வாயில் வடிகட்டக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்தி, ஒட்டியிருக்கும் கிருமி சாகக் குழாய் வாயைச் சுட்டுவிட்டுத் தண்ணீர் பிடித்தேன். மறுநாள் பார்த்தால் தண்ணீர் சுத்தம்! துணியைச் சோதித்தேன். அடேங்கப்பா, ஒரு ஊரே குடியிருந்தது.

குடலை விட்டு வெளியே வந்த கிருமி உடனே செத்துவிடும் என்று நினைக்கிறோம். வெயிலில் காய்ந்தால் பெரும்பாலும் சாகும். ஈரம் கிடைத்தாலோ நாள்கணக்கில் காத்திருக்கும். அண்மையில் யாரோ சரியாகக் கை கழுவாமல் அந்தத் துணியைப் பிழிந்து கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

துள்ளிக் குதித்தபடி துணியை விரித்தேன். ஓரத்தில் பட்டன் துளை. நான் கழித்துப்போட்ட லேப் கோட்! நாலு மாதத்துக்கு முன் நானே கிழித்து, சுத்தத்தைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு, குழாயில் கட்டியது. அதை அவ்வப்போது கொதிக்க வைத்து மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

டவுன் பஸ்ஸில் போகிற வழியெல்லாம் பொய் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. போய் நின்றதும், "தண்ணி மேல தப்பில்லீங்க்கா. நான் கட்டுன துணிதானுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "லேப்புல வேல செய்யற புள்ள கட்டுனதாச்சேன்னு, அன்னைல இருந்து தண்ணி காச்சறதையே உட்டுப்போட்டேன் கண்ணு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளோ சிரித்துக்கொண்டே பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். ஐந்தாவது ஆள் படுக்கவில்லை. லாட்ஜ்காரர்கள் அங்கேயே சாப்பிட்டார்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் முதல் டம்ளரை மட்டும், அன்று முதல், எனக்குத்தான் கொடுத்தாள்.